மூன்று வால்நட் துண்டு, ஒரு ரைபிள்: எதை எடுப்பது, என்ன நிறத்தில் முடிப்பது?

#1 புதுக்கட்டை

வணக்கம். என் .22 போல்ட் ரைபிளின் கட்டை (குழலைத் தாங்கி, தோளில் வைத்துப் பிடிக்கும் மரப்பகுதி) கழுத்துப் பகுதியில் விரிசல் விட்டுவிட்டது. சுவரில் சாய்த்து வைத்திருந்தேன், வழுக்கி விழுந்தது. முழுக்க என் தப்பு. சாயம் பூசிய பீச் மரம்தான், பெரிய இழப்பு ஒன்றும் இல்லை. எபாக்ஸி வைத்து இறுக்கிப் பார்த்தேன். சில மாதத்தில் அதே இடத்தில் மயிரிழை போல மறுபடியும் ஒரு கோடு.

சரி, வால்நட்டில் புதுக் கட்டை செய்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். செய்து தருபவர் மூன்று துண்டுகளின் படங்களை அனுப்பி, எது வேண்டும், எந்த நிறத்தில் முடிக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்று விட்டுவிட்டார். அன்றோடு என் தூக்கம் போயிற்று.

முதல் துண்டு அமெரிக்கக் கறுப்பு வால்நட். ஒரே சீரான சாக்லேட் நிறம், ரேகை நேராக ஓடுகிறது. நின்று பார்க்க வைக்கும் அழகு என்று எதுவும் இல்லை.

இரண்டாவதை 'துருக்கி வால்நட்' என்று எழுதியிருக்கிறார். தேன் நிறத்தில் மை கொட்டியது போலக் கருங்கோடுகள். கழுத்து வரும் இடத்தில் அந்தக் கோடுகள் சுழன்று சுழன்று போகின்றன. பார்த்ததுமே இதுதான் என்று தோன்றிவிட்டது.

மூன்றாவது கிளாரோ. செம்பழுப்பு, குறுக்கே அலை அலையாக மினுங்குகிறது. ஒரு ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை.

நிறம் என்றால் எனக்குப் பழைய ஆங்கிலேய ஷாட்கன்களில் இருக்குமே, சிவப்பு உள்ளே ஒளிந்திருக்கும் அந்த ஆழமான பழுப்புதான். இரண்டாவது துண்டை எடுத்து அந்த நிறத்துக்குச் சாயம் ஏற்றிவிடலாமா? இன்னொரு கேள்வியும் உண்டு. துருக்கி, பிரெஞ்சு, சர்க்காசியன், இங்கிலிஷ் என்கிறார்களே, இவையெல்லாம் வேறு வேறு மரங்களா?

#2 உளிக்காரன்

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். நான்கும் ஒரே மரம்: ஜக்லன்ஸ் ரீஜியா. வால்நட் பருப்புக்காக வளர்ப்பதும் இதே மரம்தான். எங்கே வளர்ந்தது என்பதைச் சொல்ல வந்த பெயர்கள், போகப் போக எப்படித் தெரிகிறது என்பதைச் சொல்லும் பெயர்களாகிவிட்டன. கருங்கோடு நிறைய இருந்தால் சர்க்காசியன் என்பார்கள். அடிநிறம் வைக்கோலும் இளஞ்சிவப்புமாக மென்மையாக இருந்தால் பிரெஞ்சு. கலிபோர்னியாத் தோப்பில் வளர்ந்த ரீஜியாவும் சர்க்காசியன் என்ற பெயரில் விலை போவதுண்டு. பெயருக்காக ஒரு பைசாகூட அதிகம் கொடுக்க வேண்டாம், துண்டைப் பாருங்கள்.

கறுப்பு வால்நட் மட்டும் வேறு இனம், ஜக்லன்ஸ் நைக்ரா. கிளாரோ இன்னொன்று, ஜக்லன்ஸ் ஹிண்ட்ஸியை, வட கலிபோர்னியாவின் நாட்டு மரம்.

இப்போது உங்கள் இரண்டாவது துண்டு. "கழுத்து வரும் இடத்தில் கோடுகள் சுழன்று போகின்றன" என்று எழுதினீர்கள் பாருங்கள், அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன். உங்கள் பழைய கட்டை எங்கே உடைந்தது? கழுத்தில். கட்டையிலேயே ஒல்லியான இடம் அது. மேலே டாங்க் என்கிற உலோக வால் உட்காரக் குழி, கீழே ட்ரிக்கருக்குக் குழி என்று இரண்டு பக்கமும் குடைந்த பிறகு அங்கே மிஞ்சும் மரம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்திலும் நார் நீளவாக்கில் ஓடாமல் குறுக்கே வெளியேறினால், அடுத்த முறை விழும்போது தீக்குச்சி மாதிரி உடையும்.

ரேகை என்று நாம் ரசிப்பதும் நார் ஓடும் திசையும் எப்போதும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கருங்கோடு நிறமி படிந்த தடம். அது சுழன்றாலும் நார் நேராக ஓடலாம். துண்டின் மேல் விளிம்பில் மெல்லிய துளைக்கோடுகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். நாரைக் காட்டுவது அந்தத் துளைகள்தான், நிறம் அல்ல. இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும், ஒரு பக்கப் படத்தை நம்பிக் காசு கட்டாதீர்கள்.

#3 ஐம்பதுமீட்டர்

எதற்கு இவ்வளவு பாடு? மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிச் செய்த லேமினேட் வாங்குங்கள், நிமிர்ந்து நிற்கும், வளையாது. இலக்குச் சுடுபவனுக்கு மரத்தின் அழகு குறிக்குள் வராது.

வால்நட்டேதான் என்றால் முதல் துண்டு. நேரான ரேகை, முடிந்தது கதை.

#4 ஆளிவிதை

ஐம்பதுமீட்டர் அண்ணன் எந்த இழையிலும் லேமினேட்டை விடமாட்டார் :) கேட்பவர் மரத்தில் மனசை வைத்துவிட்டார், அதைப் பேசுவோம்.

நிறத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது அங்கேதான். காய்ந்த, இழைத்த வால்நட் பொய் சொல்லும். சாம்பல் பூத்த மாதிரி மங்கலாக இருக்கும். எண்ணெய் பட்டதும் குறைந்தது இரண்டு படி ஆழமாகும், கருங்கோடுகள் எழுந்து வரும். அதனால் படத்தைப் பார்த்து நிறம் முடிவு செய்யாதீர்கள். துண்டை டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்து, அது ஈரமாக இருக்கும்போது வெயிலின் நேர் வெளிச்சம் இல்லாத பகல் நிழலில் பார்க்க வேண்டும். சாயம் ஏற்றாமல் வெறும் எண்ணெயில் முடித்தால் கிட்டத்தட்ட அந்த நிறம்தான் வரும். தண்ணீர் தொட்டும் பார்க்கலாம், ஆனால் மரம் மயிர் எழுப்பிக்கொள்ளும், திரும்பத் தேய்க்க வேண்டியிருக்கும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எல்லா வால்நட்டும் செக்கச்செவேல் என்றுதான் தெரியும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான மரங்கள் வெளிச்சத்தில் நாளாக ஆகக் கறுக்கும். வால்நட் தலைகீழ், வெளுக்கும். குறிப்பாகக் கறுப்பு வால்நட்டின் ஊதா கலந்த சாக்லேட் நிறம் வருடங்கள் போகப் போகத் தேன் பழுப்பாக இறங்கும். என்னுடைய ஒன்றைத் தோள்வாரோடு சேர்த்து ஜன்னல் பக்கத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தேன். இரண்டு வருடம் கழித்து வாரைக் கழற்றினால் கட்டையில் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. வார் மறைத்த இடம் பழைய நிறத்தில், மற்ற இடமெல்லாம் வெளுத்து.

அப்படியானால் பழைய கட்டைகள் எப்படி அவ்வளவு ஆழமான நிறத்தில் இருக்கின்றன என்று கேட்பீர்கள். மரம் வெளுக்கிறது, அதன் மேல் ஏற்றிய ஆளி விதை எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து வருடா வருடம் அம்பர் நிறமாகி, பழுப்பாகிறது. அதோடு கை வியர்வை, துப்பாக்கி எண்ணெய், அழுக்கு. நூறு வருடக் கட்டையில் நாம் பார்ப்பது இந்த இழுபறியின் நிறம். அதை ஒரே நாளில் டப்பாவிலிருந்து எடுத்துப் பூச முடியாது.

#5 புதுக்கட்டை

உளிக்காரன் அண்ணே, மேல் விளிம்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். நீங்கள் பயந்ததுதான். கழுத்து வரும் இடத்தில் துளைக்கோடுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து வெளியேறுகின்றன. ஆனால் .22-க்கு உதைப்பே கிடையாதே? அதற்கும் இவ்வளவு பார்க்க வேண்டுமா?

#6 உளிக்காரன்

பழையது உதைப்பில் உடைந்ததா, விழுந்ததில் உடைந்ததா? :)

உதைப்பு மட்டும் கணக்கில்லை. நார் வளைந்து ஓடும் மரம் ஈரப்பதம் ஏறி இறங்கும்போது நேராக ஓடும் மரம் போல அடங்கி இருக்காது, முறுக்கும். கறுப்பு வால்நட் பச்சையிலிருந்து முழுதாகக் காயும் வரை ஆரவாக்கில் (நடுவிலிருந்து பட்டையை நோக்கி) சுமார் 5.5 சதவீதம் சுருங்கும், வளையவாக்கில் (வளர்ச்சி வளையத்தை ஒட்டி) சுமார் 7.8 சதவீதம். காய்ந்த பிறகும் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப அதில் ஒரு பங்கு போய் வந்துகொண்டே இருக்கும். நார் தறிகெட்டு ஓடினால் ஒரே கட்டையில் ஒரு பக்கம் ஒரு அளவும் மறுபக்கம் வேறு அளவுமாக அசையும். முன்பகுதி குழலைத் தொட்டு அழுத்த ஆரம்பித்தால் மழைக்காலத்தில் குறி ஒரு இடம், கோடையில் ஒரு இடம்.

#7 இழைப்புளி

தம்பி, இரண்டாவது துண்டை அவசரப்பட்டு விட்டுவிடாதே. கட்டை செய்பவர்கள் துண்டை அப்படியே கட்டையாக்குவதில்லை. துண்டுக்குள் கட்டையை எங்கே படுக்க வைப்பது என்று பார்த்துப் பார்த்துத்தான் வெட்டுவார்கள். பாதி வேலை அதுதான்.

உன் ரைபிளின் கட்டை வடிவத்தைத் தெளிவான பிளாஸ்டிக் தாளில் வரைந்து வெட்டு. துண்டின் மேல் வைத்து நகர்த்திப் பார். இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே இறக்கினாலோ, பின்பகுதியைக் கொஞ்சம் சாய்த்தாலோ, அந்தச் சுழி கழுத்தை விட்டுப் பின்பகுதிக்குப் போய்விடுகிறதா என்று பார். போனால் அதிர்ஷ்டம். பின்பகுதி தடிமனானது, அங்கே எவ்வளவு சுழன்றாலும் தாங்கும். கண்ணுக்கும் அங்கேதான் அழகு.

முன்பகுதியில் நார் குழலுக்கு இணையாக ஓட வேண்டும். கழுத்துக்கு வந்ததும் கைப்பிடியின் வளைவோடு சேர்ந்து லேசாகக் கீழே இறங்கினால் அதைவிட நல்லது கிடையாது. அப்படி வளைந்த நார் மரத்தின் அடியில், தண்டு வேருக்குத் திரும்பும் இடத்தில் கிடைக்கும். நிறமும் அங்கேதான் ஏறியிருக்கும். அதனால்தான் துப்பாக்கிக் கட்டைக்கென்று வால்நட் எடுப்பவர்கள் மரத்தைத் தரைமட்டத்தில் அறுக்காமல் வேரோடு தோண்டி எடுப்பார்கள்.

கவட்டை மரம், முண்டு இரண்டையும் யார் காட்டினாலும் பின்பகுதிக்கு மட்டும். கவட்டையில் இறகு மாதிரி விரியும், பார்த்தால் மயங்கிவிடுவோம். இரண்டு கிளை மோதும் இடம் அது, உள்ளே விரிசல் ஒளிந்திருக்கும்.

#8 ஐம்பதுமீட்டர்

எடையைப் பற்றி யாரும் பேசவில்லையே.

#9 உளிக்காரன்

பேச அதிகம் இல்லை அண்ணே. கறுப்பு வால்நட் கனமீட்டருக்குச் சராசரி 610 கிலோ, ரீஜியா 640. கட்டையே ஒரு கிலோ சொச்சம்தான். வித்தியாசம் 50 கிராம். இரண்டு இனங்களுக்கு நடுவே இருப்பதைவிட ஒரே இனத்தின் இரண்டு துண்டுகளுக்கு நடுவே அதிக வித்தியாசம் இருக்கும். கையில் தூக்கிப் பார்ப்பதே போதும்.

கடினத்தில்தான் வேறுபாடு தெரியும். ஜான்கா அளவில் கறுப்பு வால்நட் 1010 பவுண்டு விசை, ரீஜியா 1220. அது உளி வைக்கும்போது கைக்கே தெரியும். ரீஜியா வெண்ணெய் மாதிரி வழுவழுப்பாக வெட்டுப்படும், ஓரம் கூராக நிற்கும். பிடி வழுக்காமல் இருக்கக் குறுக்குக் கோடுகள் செதுக்கும் செக்கரிங் போடும்போது அங்குலத்துக்கு 24 கோடு நிம்மதியாகப் போகலாம். கறுப்பு வால்நட்டின் துளைகள் பெரியவை, அதில் 18, 20 கோட்டோடு நிறுத்திக்கொள்வேன். பேராசைப்பட்டால் வைர முனைகள் பொடிந்து உதிரும்.

#10 பழையபூட்டு

சிவப்புப் பழுப்புதான் வேண்டும் என்றால் பொட்டாசியம் டைக்ரோமேட் கரைசல் பூசுங்கள். சாயமே இல்லை, மரத்தில் இருக்கும் டானினோடு சேர்ந்து தானாகக் கறுக்கும். அந்தக் காலத்தில் மேசை நாற்காலிக்கெல்லாம் அடித்தார்கள். அரை மணி நேரத்தில் நூறு வயது கூடிவிடும்.

#11 ஆளிவிதை

பழையபூட்டு சார், மரியாதையோடு சொல்கிறேன், புதிதாக வருபவருக்கு இதைச் சொல்லாதீர்கள். அது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் வரவழைக்கும் பொருள். தோலில் பட்டாலும் ஆபத்து, காய்ந்த பிறகு தேய்க்கும் தூள் மூச்சில் போனால் இன்னும் ஆபத்து. கன்னத்தை வைத்துச் சுடும் பொருளில் எதற்கு?

அந்த ஆங்கிலேயச் சிவப்புக்கு அவர்களே பயன்படுத்திய வழி இருக்கிறது: அல்கானெட் வேர். காய்ந்த வேரை நொறுக்கி ஆளி விதை எண்ணெயிலோ டர்பன்டைனிலோ ஊறப் போட வேண்டும். சில வாரத்தில் எண்ணெய் திராட்சை ரசம் போலச் சிவந்துவிடும். தண்ணீரில் இறங்காது, எண்ணெயிலும் சாராயத்திலும்தான் இறங்கும். இது பெயின்ட் மாதிரி மேலே மூடுவதில்லை. மரத்தின் மஞ்சள் அடிநிறத்துக்கு உள்ளிருந்து ஒரு சூடு கொடுக்கும், கருங்கோடு கருங்கோடாகவே நிற்கும். உங்கள் இரண்டாவது துண்டுக்கு நான் போடுவதென்றால் இது மட்டும்தான்.

#12 பழையபூட்டு

சரி, ஒத்துக்கொள்கிறேன். நாங்கள் கையுறைகூடப் போடாமல் செய்த காலம் அது. வினிகரில் இரும்புக் கம்பளி ஊறவைத்துப் பூசுவதாவது?

#13 உளிக்காரன்

அது கறுப்பாக்கும், சிவப்பாக்காது. டானினும் இரும்பும் சேர்ந்தால் எழுதும் மைதான். கீழே வழிந்த சொட்டுகூடக் கறையாக நிற்கும். இதே காரணத்துக்காக எண்ணெய் போடும் முன் வால்நட்டை இரும்புக் கம்பளியால் தேய்க்கவும் கூடாது. உடைந்த துணுக்கு ஒன்று துளைக்குள் தங்கி ஈரம் பட்டால் சுற்றிலும் நீலக்கறுப்புப் புள்ளி. நைலான் பட்டையோ உப்புத்தாளோ போதும்.

சாயத்தைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று. பல வருடத்துக்கு முன்னால், கோடு கோடாக அருமையான ரீஜியா துண்டு ஒன்று கைக்கு வந்தது. வாங்கியவருக்குக் கறுப்பு வால்நட் நிறம்தான் வேண்டும் என்றார். நானும் வாயை மூடிக்கொண்டு அடர் பழுப்புச் சாயம் ஏற்றினேன். அடிநிறம் கறுத்தது, கருங்கோடு இருந்தபடியே இருந்தது, இரண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் காணாமல் போனது. மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் பழைய பெஞ்சுக் கால் மாதிரி இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. கைப்பிடியின் அடிப்பக்கத்திலும் கன்ன மேட்டின் மூக்கிலும் நார்முனை வெளியே பார்க்கும் இல்லையா, அந்த இடமெல்லாம் சாயத்தை உறிஞ்சிக் காபிக் கறை போல ஆகிவிட்டது. அதை எடுக்க ஒரு மில்லிமீட்டர் மரத்தையே இழைக்க வேண்டி வந்தது, உலோகத்தோடு சமமாக இருந்த விளிம்பு பள்ளமாயிற்று. வாங்கியவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

கறுப்பு வேண்டும் என்றால் கறுப்பாக வளர்ந்த மரத்தை வாங்க வேண்டும். வெளிர் மரத்தை வாங்கிக் கறுப்பாக்குவது இரண்டு செலவு. அப்படியும் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் நார்முனை வரும் இடங்களுக்கு முதலில் நீர்த்த அரக்கோ நீர்த்த எண்ணெயோ கொடுத்து வாயை அடைத்துவிட்டுப் பிறகு ஏற்றுங்கள்.

#14 கவட்டைப்பித்தன்

கிளாரோவுக்கு வக்கீல் யாரும் இல்லையா? நான் வருகிறேன்.

மூன்றாவது துண்டில் குறுக்கே மினுங்குகிறது என்றாரே, அது ஃபிடில்பேக். வயலின் முதுகில் இருப்பதால் அந்தப் பெயர். நார் மேலும் கீழுமாக நெளிந்து வளர்ந்திருக்கும், வெளிச்சம் பட்டால் ஒரு அலை பிரகாசமாகவும் அடுத்தது இருட்டாகவும் தெரியும். கட்டையைத் திருப்பினால் இரண்டும் இடம் மாறும். எந்தச் சாயமும் இதைக் கொண்டு வராது. மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி அறுத்த குவார்ட்டர் ஸான் துண்டில்தான் இது முழு அழகோடு வரும். வளையங்களை ஒட்டி அறுக்கும் ஸ்லாப் ஸானில் நிறங்கள் மேகம் போலப் படரும், இந்த மினுக்கம் குறையும்.

செம்பழுப்பும் ஏற்கெனவே இருக்கிறது. நண்பர் தேடுவது அந்தச் சிவப்புதானே? சாயமே வேண்டாமே!

கலிபோர்னியாவில் கிளாரோ வேரின் மேல் ரீஜியாவை ஒட்டுக் கட்டி வளர்ப்பார்கள். அந்தத் தோப்புகளில் வயதான மரத்தை எடுக்கும்போது ஒட்டு விழுந்த இடத்தில் வெட்டிய துண்டு கிடைத்தால், ஒரு பாதி சிவப்பு, ஒரு பாதி தேன், நடுவே கோடு கிழித்த மாதிரி. இரண்டு இனமும் கலந்து பிறந்த கலப்பின மரத்தின் கட்டையைத்தான் பாஸ்டோன் என்று விற்கிறார்கள். தாவரக் கலப்பினங்களுக்குப் பேர் போன லூதர் பர்பேங்க் அந்தக் கலப்பினத்துக்கு 'பாரடாக்ஸ்' என்று பெயர் வைத்தார். இரண்டு பெற்றோரையும்விட வேகமாக வளர்ந்தது. வேகமாக வளரும் மரம் மென்மையாகத்தானே இருக்கும்? இது கடினமாக இருக்கிறது. வால்நட்டில் நல்ல உதைப்புள்ள ரைபிளுக்கு நான் முதலில் தேடுவது அதைத்தான்.

#15 உளிக்காரன்

கிளாரோ அழகு, மறுக்கவில்லை. ஆனால் துளை திறந்தது, கொஞ்சம் நொறுங்கும். .22-க்குத் தாராளமாகப் போகும். ஓரத்து வெள்ளைதான் யோசனை.

#16 இழைப்புளி

அந்த வெள்ளை வைரம் பாயாத மரம், வெளிக்கட்டை. வலுவில் வைரத்துக்குப் பெரிதாகக் குறைவில்லை. ஆனால் மரம் துளைக்கும் வண்டுக்குப் பிடித்தது அந்தப் பகுதிதான். கட்டைக்குள் அது வராதபடி வெட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும். வந்தால் அந்த இடத்துக்கு மட்டும் சாயம் தொட்டு வைரத்தோடு சேர்க்கலாம், கை பழக வேண்டும்.

கறுப்பு வால்நட் வாங்கும்போது இதைக் கேட்டுக்கொள்: ஆவி காட்டியதா, காட்டாததா? மர ஆலைகளில் பச்சை மரத்துக்கு ஆவி காட்டுவார்கள். வைரத்தின் நிறம் வெளிக்கட்டைக்கு இறங்கி எல்லாம் ஒரே பழுப்பாகிவிடும். அலமாரி செய்பவனுக்கு லாபம், நமக்கு நஷ்டம். ஊதா, சிவப்பு, பச்சை என்று உள்ளே இருந்த சின்னச் சின்னச் சாயல்கள் எல்லாம் செத்துப்போகும்.

அப்புறம் காய்ந்ததா என்பது. இரண்டரை அங்குலத் தடிமன் துண்டு, காற்றில் காய அங்குலத்துக்கு ஒரு வருடம் என்று வாய்க்கணக்கு. கையில் வந்ததும் எடை போட்டு, துண்டின் மேலேயே பென்சிலால் எழுதி வை. வாரா வாரம் போடு. எடை இறங்கிக்கொண்டே இருந்தால் இன்னும் காயவில்லை. இரண்டு மாதம் அசையாமல் நின்றால் உளி வைக்கலாம். முனைகளில் மெழுகு பூசியிருக்கிறதா என்றும் பார். பூசாத துண்டின் முனை வெடித்திருக்கும், அந்த வெடிப்பு உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

#17 ஐம்பதுமீட்டர்

அக்கா சொன்னதோடு ஒன்று. வெளியே பத்துக் கை எண்ணெய் போட்டுவிட்டு உள்ளே உலோகம் உட்காரும் குழி, குழல் வாய்க்கால், பின்முனையில் ரப்பர் பட்டைக்கு அடியில் இருக்கும் மரம் இவற்றை வெறுமனே விட்டுவிடுவார்கள். ஈரம் நுழைவதே அந்த வழியாகத்தான். நார்முனை திறந்திருக்கும் பின்முனை ஸ்ட்ரா மாதிரி உறிஞ்சும். உள்ளேயும் பூசச் சொல்லுங்கள். ஆக்‌ஷன் (போல்ட் ஓடும் உலோகப் பகுதி) உட்காரும் இடத்தில் எபாக்ஸி படுக்கை போட்டு, குழலைத் தொடாமல் விட்டால் மரம் கொஞ்சம் அசைந்தாலும் குறி அசையாது. லேமினேட் அளவுக்கு இல்லை என்றாலும்.

#18 கவட்டைப்பித்தன்

:) :)

உலோகத்தின் நிறத்தையும் கணக்கில் எடுங்கள். கருநீலப் பளபளப்புக் குழலுக்குச் சிவப்பும் தேனும் இரண்டும் ஒத்துப்போகும். கேஸ் ஹார்டனிங் (எஃகின் மேற்பரப்பைக் கடினமாக்கும் முறை) செய்து நீலமும் வைக்கோலும் பழுப்பும் ஓடும் ஆக்‌ஷனுக்கு அமைதியான மரம் போதும், இரண்டும் கத்தினால் எதையும் கேட்க முடியாது. துருப்பிடிக்காத எஃகின் வெள்ளைக்குத் தேன் நிறம் சோகை பிடித்த மாதிரி இருக்கும், கறுப்பு வால்நட்டைப் போடுங்கள். ரப்பர் பட்டையைச் செங்கல் நிறத்தில் போட்டால் சிவப்பு மரம் பழுப்பாகத் தெரியும், கறுப்பில் போட்டால் அதே மரம் சிவப்பாகத் தெரியும்.

#19 புதுக்கட்டை

எல்லோருக்கும் பெரிய நன்றி. நேரிலேயே போய்விட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

இழைப்புளி அக்கா சொன்னபடி பிளாஸ்டிக் தாளில் வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். செய்து தருபவர் அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டுத் தன்னுடைய தாளை எடுத்தார், அவரிடமும் ஒன்று இருக்கிறது. இரண்டாவது துண்டில் கட்டையை ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் கீழே இறக்கி, பின்பகுதியைக் கொஞ்சம் தூக்கியதும் கழுத்துக்கு நேரான நார் வந்துவிட்டது. சுழியின் பாதி பின்பகுதியில் விழுகிறது, மீதிப் பாதி வெட்டுத்துண்டாகப் போகிறது. அதைப் பார்க்க வயிறு எரிந்தது. அந்த வெட்டுத்துண்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மூன்றாவதையும் டர்பன்டைன் தொட்டுப் பார்த்தோம். கவட்டைப்பித்தன் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் வெள்ளையைத் தவிர்த்தால் முன்பகுதிக்கு நீளம் போதவில்லை. முதல் துண்டு, நான் அழகில்லை என்று எழுதியது, ஈரம் பட்டதும் உள்ளே ஊதா கலந்து என்னைக் கொஞ்சம் வெட்கப்பட வைத்தது.

நிறத்துக்கு அதே மரத்தின் வெட்டுத்துண்டு ஒன்றை 320 எண் உப்புத்தாள் வரை தேய்த்து, நான்கு கட்டம் போட்டுச் சோதித்தேன். ஒன்றில் வெறும் ஆளி விதை எண்ணெய். ஒன்றில் அல்கானெட் எண்ணெய் ஒரு கை, மேலே வெறும் எண்ணெய். ஒன்றில் அல்கானெட் மூன்று கை. கடைசியில் கடையில் விற்கும் சிவப்புப் பழுப்புச் சாயம். நான்காவது கட்டத்தில் உளிக்காரன் அண்ணனின் பெஞ்சுக் கால் அப்படியே கண் முன்னால் நின்றது. மூன்று கை அல்கானெட் கொஞ்சம் ஊதாவுக்குப் போகிறது. ஒரு கைதான் சரி.

#20 ஆளிவிதை

அருமை. அந்தச் சோதனைத் துண்டை வெளிச்சத்தில் பாதி மறைத்து வையுங்கள், அடுத்த வருடம் என்ன ஆகிறது என்று உங்களுக்கே தெரியும்.

எண்ணெய் போடும்போது முதல் இரண்டு மூன்று கையை 400 உப்புத்தாளால் ஈரமாகவே தேயுங்கள். வரும் மரத்தூள் சேறு துளைகளை அடைக்கும், அந்த மரத்தின் நிறத்திலேயே. பிறகு ஒவ்வொரு கையும் சில துளிதான், உள்ளங்கை சூட்டில் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து, முழுதாகக் காய விட்டு அடுத்தது. ஒட்டுகிறது என்றால் காயவில்லை என்று அர்த்தம். எண்ணெய் துடைத்த துணியை உருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். இதைச் சொல்லாமல் இந்த இழையை விட்டுப் போக மாட்டேன்.

#21 உளிக்காரன்

ஒன்றே ஒன்று கேட்க மறந்துவிட்டோம். நீங்கள் வலக்கையா, இடக்கையா? சுழி எந்தப் பக்கத்தில் நன்றாக விழுகிறது?

#22 புதுக்கட்டை

வலக்கை. நல்ல சுழி இடது பக்கம் :( சுடும்போது என் கன்னத்துக்கு அடியில் இருக்கும்.

#23 இழைப்புளி

அங்கேதான் தம்பி அது சீக்கிரம் மெருகேறும்.